முடிப் பரிசோதனையில் ஈயம், பாதரசம் அதிகமாம். ஆட்டிசத்துக்கும் உலோகங்களுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா?

கவின்அம்மா (ஈரோடு)

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. மகனுக்கு நாலரை வயது. போன வருடம் ஆட்டிசம் என்று உறுதியானது. பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் போய்க்கொண்டிருக்கின்றன.

பயிற்சிக்கு வரும் இன்னொரு அம்மா சொன்னாரே என்று ஒரு மையத்துக்குப் போனோம். பின்கழுத்தில் கொஞ்சம் முடியை வெட்டி வெளிநாட்டு லேபுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்துவிட்டது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு கோடாக இருக்கிறது. ஈயம், அலுமினியம், பாதரசம் மூன்றும் சிவப்பில். செம்பு மேலே நிற்கிறது, துத்தநாகமும் மாங்கனீசும் அடியில் கிடக்கின்றன. "மூளையில் உலோகம் படிந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டால் பேச்சு வந்துவிடும்" என்கிறார்கள். ஆறு மாத பேக்கேஜ். முதலில் ஒரு சிரப், அப்புறம் வாரம் ஒரு டிரிப். டிரிப்பில் என்ன மருந்து ஏறும் என்று கேட்டேன். "கிலேஷன்மா, உடம்பைச் சுத்தம் பண்றது" என்பதற்கு மேல் பதில் இல்லை.

தொகை ஒன்றே கால் லட்சம். வளையலை வைத்தால் புரட்டிவிடலாம். மாமியாரும் "செஞ்சுதான் பார்ப்போமே" என்கிறார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்கப் பயம், திட்டுவார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை செல்வம்

சகோதரி, தயங்காமல் செய்யுங்கள். என் மகளுக்கும் முடிப் பரிசோதனை எடுத்தோம், துத்தநாகம் படுகுறைவு. துத்தநாக சிரப் கொடுத்து, பால், கோதுமை நிறுத்தியதும் நாலைந்து மாதத்தில் கண்ணைப் பார்க்க ஆரம்பித்தாள். இப்போது இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள். நான் டிரிப் வரை போகவில்லை, அதற்கு வசதியில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஆதாரமில்லாத பேச்சு என்று இங்கே ஒரு கூட்டம் வரும். ஜப்பானில் 2011-ல் ஆட்டிசம் உள்ள 1,967 குழந்தைகளின் முடியைப் பார்த்திருக்கிறார்கள். 584 பேருக்கு, அதாவது 30 சதவீதத்துக்கு நெருக்கமாக, துத்தநாகம் குறைவு. மூன்று வயதுக்குக் கீழே பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் என்ற பத்திரிகையில் வந்தது, வாட்ஸப்பில் வந்ததல்ல.

லேப்முரளி

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் சார், வந்துவிட்டேன். உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை.

ஜப்பான் ஆய்வு உண்மை, எண்களும் சரி. ஆனால் அதே ஊரில், அதே உணவில், அதே வயதில் ஆட்டிசம் இல்லாத குழந்தைகளை ஜோடி சேர்த்து ஒப்பிட்ட ஆய்வு இல்லை அது. துத்தநாகம் குறைந்ததால் ஆட்டிசமா, ஆட்டிசத்தால் சாப்பாடு சுருங்கித் துத்தநாகம் குறைந்ததா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. நம் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளைச் சோறும் தயிரும் மட்டும், அதுவும் குறிப்பிட்ட கிண்ணத்தில் என்றால் எந்தத் தாது சரியாக இருக்கும்?

அடுத்து முடி. முடி உடம்புக்குள் இருப்பதை மட்டும் காட்டாது, வெளியிலிருந்து ஒட்டியதையும் சேர்த்துக் காட்டும். போர்வெல் தண்ணீர், எண்ணெய், தெருப் புழுதி எல்லாம் அதில் வந்து உட்காரும். பொடுகு ஷாம்பு சிலவற்றில் துத்தநாகமே மருந்தாக இருக்கிறது. ஒவ்வொரு லேபும் முடியைக் கழுவும் முறை வேறு, "நார்மல்" என்று வைத்திருக்கும் அளவும் வேறு. 2001-ல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு சோதனை வந்தது. ஆரோக்கியமான ஒரே ஆளின் முடியைப் பிரித்து அமெரிக்காவில் ஆறு லேபுகளுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு தாதுக்களில், ஒரு லேப் சொன்ன மிகக் குறைந்த அளவுக்கும் இன்னொன்று சொன்ன மிக அதிக அளவுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே தலை, ஒரே முடி!

கவின்அம்மா, உங்கள் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கவின்அம்மா (ஈரோடு)

பார்த்தேன் சார். "இது நோய் கண்டறிவதற்கான அறிக்கை அல்ல" என்று இருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை.

டாக்டர்பொன்னி

குழந்தைகள் நல மருத்துவர், அரசுப் பணியில் இருக்கிறேன். முதலில் ஒன்று: அந்த டிரிப்பை ஏற்றாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

கிலேஷன் மருந்துகள், அதாவது உடம்பில் உள்ள உலோகத்தைப் பிடித்து வெளியேற்றுபவை, போலி அல்ல. ஈய நஞ்சு ஏறிய குழந்தைக்கு உயிர்காக்கும் மருந்துகள் அவை. இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால் நாங்களே கொடுப்போம், ஆஸ்பத்திரி மேற்பார்வையில். ஆனால் அவை ஈயத்தை மட்டும் பிடித்துப் போவதில்லை. எந்த மருந்து என்பதைப் பொறுத்துக் கால்சியம், துத்தநாகம், செம்பு, இரும்பு என்று உடம்புக்கு வேண்டியதையும் கட்டிக்கொண்டு வெளியேறும். இடிடிஏ என்ற மருந்து இரண்டு வகையில் உண்டு. கால்சியம் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது இன்னொன்று. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கால்சியம் சேர்க்காததை நரம்பில் ஏற்றினால் இரத்தத்தில் உள்ள கால்சியம் சரிந்து இதயம் நின்றுவிடலாம். 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசத்துக்கு என்று கிலேஷன் ஏற்றிய ஐந்து வயதுப் பையன் இப்படித்தான் இறந்தான். அதே வருடம் டெக்சஸில் ஈயத்துக்குச் சிகிச்சை பெற்ற இரண்டு வயதுக் குழந்தையும். இவை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பதிவு செய்தவை. பெயர் சொல்லாத டிரிப் என்றதும் எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

சிரப்பும் என்ன என்று பாருங்கள். 2004-ல் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் எழுபதைச் சோதித்தபோது பதினான்கில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உலோகம் நீக்கக் கொடுக்கும் மருந்திலேயே உலோகம் இருந்தால் என்ன சொல்வது.

உங்கள் டாக்டர் திட்டினால் திட்டட்டும், கேளுங்கள்.

வல்வைஇளங்கோ (லண்டன்)

இங்கேயும் எங்கட சனத்தின் வாட்ஸப் குழுக்களில் இந்தக் கிலேஷன் கதை சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு தகவலுக்காக: பிரித்தானியாவில் வைத்தியர்களுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது, பிள்ளைகளின் ஆட்டிசத்துக்கு எந்தச் சூழ்நிலையிலும் கிலேஷன் பாவிக்க வேண்டாம் என்று. இவர்கள் வழமையாக "கவனமாகப் பரிசீலிக்கவும்" என்று மழுப்பித்தான் எழுதுவார்கள். இதில் நேரடியாக "செய்யாதீர்கள்" என்று இருக்கிறது.

எனது அக்காவின் மகனுக்குக் காசு கட்டும் கட்டத்தில் இதைக் காட்டித்தான் நிறுத்தினோம்.

நெல்லை செல்வம்

டாக்டர் மேடம், நடந்தது விபத்து, தப்பான மருந்து. சரியான மருந்தை, வாய்வழியாக, அளவாகக் கொடுத்தால்? ஆராய்ச்சி பண்ணிப் பார்க்காமலே ஆகாது என்றால் எப்படி? பெரிய கம்பெனிகளுக்கு இதில் லாபமில்லை, அதனால் யாரும் செய்யவில்லை என்பதுதான் என் எண்ணம்.

தேன்மொழி_சிங்கை

செய்யப் போனார்கள் அண்ணா. அமெரிக்க அரசின் மனநல ஆய்வு நிறுவனமே டிஎம்எஸ்ஏ என்ற வாய்வழி கிலேஷன் மருந்தை ஆட்டிசக் குழந்தைகளிடம் சோதிக்கத் திட்டம் போட்டது. அதற்குள் கார்னெல் பல்கலைக்கழகத்தார் பங்கேற்ற எலி ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. ஈயம் ஏறிய எலிக்குட்டிகளுக்கு அந்த மருந்து நன்மை செய்தது. ஈயமே இல்லாத குட்டிகளுக்குக் கொடுத்தபோது கற்றலும் உணர்ச்சிக் கட்டுப்பாடும் நிரந்தரமாகக் கெட்டுப்போயின. உலோகம் ஏறாத குழந்தைக்கு இதைக் கொடுத்துச் சோதிப்பது நியாயமில்லை என்று 2008-ல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

ஈயம் நிஜமாகவே ஏறியவர்களிடமும் ஒரு சோதனை நடந்தது, 2001-ல் முடிவு வெளியானது. இரத்த ஈயம் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகள். பாதிப் பேருக்கு இதே மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்கு ஈயம் இறங்கியது, அறிவுத்திறன் சோதனையில் மட்டும் ஒரு முன்னேற்றமும் இல்லை. உலோகத்தை எடுத்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்ற கணக்கு அங்கேயே உதைக்கிறது.

உண்மைவிளம்பி

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். பாதரசம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் வாய் திறக்கவில்லை. தடுப்பூசி!!!

டாக்டர்பொன்னி

திறக்கிறேன். தையோமெர்சல் என்ற பாதரசக் கலவை பல டோஸ் கொண்ட சில தடுப்பூசிக் குப்பிகளில் கிருமி சேராமலிருக்கச் சேர்க்கப்படுகிறது, நம் நாட்டிலும்தான். அது எத்தில் பாதரசம், மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசத்தைவிட மிக வேகமாக உடம்பைவிட்டுப் போய்விடும். டென்மார்க் 1992-ல் அதைக் குழந்தைகள் ஊசியிலிருந்து எடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் அங்கே ஆட்டிசக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. தையோமெர்சல் இருந்த ஊசி போட்டவர்களையும் இல்லாத ஊசி போட்டவர்களையும் ஒப்பிட்டு, 4,67,450 டேனிஷ் குழந்தைகளை வைத்து 2003-ல் வந்த ஆய்வில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 2001-க்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைத் தடுப்பூசியிலிருந்தும் நீக்கினார்கள், அங்கேயும் எண்ணிக்கை இறங்கவில்லை.

பாதரசத்தை நேராக இரத்தத்திலேயே அளந்தும் பார்த்தாயிற்று. கலிஃபோர்னியாவில் 452 குழந்தைகள், 2010. மீன் சாப்பிடும் அளவைக் கணக்கில் எடுத்த பிறகு ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே அளவுதான். இந்த இழையில் இதற்கு மேல் தடுப்பூசி வேண்டாமே, அந்த அம்மா கேட்டது வேறு.

நெல்லை செல்வம்

தடுப்பூசியை நானும் சொல்லவில்லை, என் பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறது. ஆனால் ஈயத்துக்கும் தாதுக்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிப்பதை ஏற்கமாட்டேன். பல்லை வைத்து நியூயார்க்கில் செய்தார்களே, அதை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?

தேன்மொழி_சிங்கை

நல்ல கேள்வி. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆய்வே அதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பால்பல் கருவிலேயே உருவாக ஆரம்பிக்கிறது. மரத்தின் வளையம் மாதிரி நாளுக்கு நாள் ஒரு படலமாக வளரும். குழந்தை பிறக்கும் நாளில் அந்தப் பல்லில் ஒரு கோடு விழும், அதை வைத்து இது வயிற்றில் இருந்தபோது, இது பிறந்தபின் என்று பிரித்துவிடலாம். விழுந்த பல்லை வெட்டி, படலம் படலமாக லேசரால் சுரண்டி, எந்த வாரம் எவ்வளவு ஈயம், எவ்வளவு மாங்கனீசு, எவ்வளவு துத்தநாகம் ஏறியது என்று படிக்கிறார்கள். நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் மணிஷ் அரோரா குழுவினர் ஸ்வீடன் இரட்டையர்களின் பற்களை இப்படிப் பார்த்து 2017-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவரின் பல்லில் குறிப்பிட்ட சில காலகட்டங்களில் மட்டும் ஈயம் அதிகம், மாங்கனீசும் துத்தநாகமும் குறைவு. இரட்டையர் என்பதால் அம்மா, வீடு, சாப்பாடு எல்லாம் ஒன்று. அதுதான் இந்த ஆய்வின் பலம்.

பலவீனமும் உண்டு. மொத்தம் 32 ஜோடிகளும் தனியாக 12 பேரும்தான். அதில் ஒருவருக்கு மட்டும் ஆட்டிசம் உள்ள ஜோடிகள் மிகச் சில. அதோடு ஒரே வீட்டு ஈயம் ஒரு குழந்தைக்குள் மட்டும் ஏன் கூடுதலாகப் போகிறது? உலோகங்களை உள்ளே எடுக்கும், ஒழுங்குபடுத்தும் பொறிமுறையே அந்தக் குழந்தைக்குப் பிறவியில் வேறுபட்டிருக்கலாம். அப்படியானால் ஈயம் காரணமல்ல, கூடவே வந்த அறிகுறி.

துத்தநாகத்தையும் நான் ஒதுக்கவில்லை. ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணுக்களில் ஷாங்க்-3 என்று ஒன்று. மூளை நரம்புச் சந்திப்புகளில் அது கொடுக்கும் புரதம் அடுக்காக நிற்கத் துத்தநாகம் வேண்டும். எலிகளில் இதை நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். ஆக, ஆய்வாளருக்கு இது மூடிப்போன கதவல்ல. ஆனால் செல்வம் அண்ணா, பல் சொல்லும் காலம் கருவும் முதல் சில மாதங்களும். நாலரை வயதில் டிரிப் ஏற்றி அந்தக் காலத்துக்குத் திரும்ப முடியாது. அந்த மையம் தொடர்பைக் காட்டும் ஆய்வை மேசையில் வைத்து, அதோடு சம்பந்தமில்லாத சிகிச்சையை விற்கிறது. என் கோபம் அதன்மேல்தான், உங்கள்மேல் இல்லை.

நெல்லை செல்வம்

சரிம்மா. இப்படி விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன். "மூட நம்பிக்கை" என்று ஆரம்பித்தால்தான் எனக்கு ஏறாது.

கவின்அம்மா (ஈரோடு)

எல்லாருக்கும் நன்றி. பயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கவின் கண்டதையும் வாயில் வைப்பான். ஜன்னல் கம்பியில் உரியும் பெயிண்டைப் பல்லால் சுரண்டுவான், மண்ணும் தின்பான். பழைய வீடு, வாடகை. இரண்டு கடை தள்ளி பேட்டரி பட்டறை ஒன்று உண்டு. அப்படியானால் ஈயம் நிஜமாகவே இருக்குமோ?

டாக்டர்பொன்னி

இருக்கலாம்மா, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! முடியில் பார்த்தது நம்பத்தக்கதல்ல என்றுதான் முரளி சொன்னார், உங்கள் பிள்ளைக்கு ஈயமே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை.

ஈயம் நம் ஊரில் கற்பனை ஆபத்து இல்லை. சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகள் 756 பேரின் இரத்தத்தைப் பார்த்து 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. சராசரி 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடக்கூட பதற்றமும் கவனக்குறைவும் மற்றவர்களோடு பழகுவதில் சிக்கலும் கூடின, ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பெண்ணின்படி. அது ஆட்டிசம் பற்றிய ஆய்வல்ல. ஆனால் ஏற்கனவே ஆட்டிசம் உள்ள குழந்தைமேல் ஈயமும் சேர்ந்தால் சுமை கூடும் என்பதற்கு அதற்குமேல் என்ன வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 5-க்கு மேல் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

உணவல்லாததை வாயில் வைப்பது ஆட்டிசக் குழந்தைகளிடம் அதிகம், இரும்புச் சத்து குறைந்தவர்களிடமும் அதிகம். குடலில் இரும்பு நுழையும் அதே வாசல் வழியாகத்தான் ஈயமும் நுழைகிறது. இரும்பு குறைந்தால் வாசல் அகலத் திறக்கும், ஈயம் உள்ளே போகும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஈயம், அதோடு ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கும் தூசி கணக்கைக் கெடுத்துவிடும். மருந்து எதையும் கொடுத்துவிட்டுச் சிறுநீரைப் பிடித்து உலோகம் பார்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிலேஷன் மருந்து கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் உலோகம் கூடும், அதை மருந்து எடுக்காதவரின் அளவோடு ஒப்பிட்டுப் பயமுறுத்துவார்கள். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இதை ஏற்கவே இல்லை.

லேப்முரளி

வீட்டில் தேட வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் என்றால் சந்தேகப்படுங்கள். காய்ந்தபடியே சுரண்டாதீர்கள், தூசி பறந்து நிலைமை இன்னும் மோசமாகும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அவன் வாய் எட்டும் உயரத்தில் ஏதாவது ஒட்டி மூடுங்கள். பட்டறையில் வேலை செய்பவர் வீட்டில் இருந்தால் சட்டையும் செருப்பும் வாசலோடு நிற்கட்டும். கண்ணுக்கு வைக்கும் சுர்மா, பளீர் மஞ்சளில் உதிரியாக விற்கும் மஞ்சள்தூள், இரண்டிலும் ஈயம் அகப்பட்டிருக்கிறது. பாட்டி வீட்டு ஈயச்சொம்பில் ரசம் வைப்பவர்கள் கோபிக்க வேண்டாம். நல்ல சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அதில் பயமில்லை. காரீயம் கலந்து விற்பதும் உண்டு, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். புளித் தண்ணீர் கொதிக்கும் பாத்திரம் என்பதால் சொல்கிறேன்.

கவின்அம்மா (ஈரோடு)

ரிசல்ட் வந்துவிட்டது. ஈயம் 9. ஹீமோகுளோபின் 9.4, ஃபெரிட்டின் 6. எங்கள் டாக்டர் திட்டவில்லை, இதைக் கேட்க இவ்வளவு நாளா என்றார். இரும்பு சிரப் எழுதிக்கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து ஈயம் திரும்பப் பார்க்க வேண்டும், பெரியவளுக்கும் சேர்த்து. மையத்தில் டிரிப் மருந்தின் பெயரை லெட்டர்பேடில் எழுதிக் கேட்டேன். "நம்பிக்கை இல்லாவிட்டால் வேண்டாம்" என்று வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்றே வந்துவிட்டேன். மாமியார் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

டாக்டர்பொன்னி

9-க்குக் கிலேஷன் தேவையில்லை. வரும் வழியை அடைத்து, இரும்பை ஏற்றினால் தானாக இறங்கும். ஃபெரிட்டின் 12-க்குக் கீழே என்றால் அந்த வயதில் குறைபாடுதான். இரவில் கால் உதறிப் புரண்டுகொண்டிருப்பானானால் அதுவும் தேறலாம். பேச்சு வரும் என்று நான் சொல்லமாட்டேன், அதற்குப் பயிற்சியை விடாதீர்கள்.

நெல்லை செல்வம்

டாக்டர், எனக்கு ஒன்று. மகளுக்குத் துத்தநாக சிரப் இரண்டு வருடமாக ஓடுகிறது. தொடரலாமா?

டாக்டர்பொன்னி

இரண்டு வருடமா! இரத்தத்தில் அளவு பார்க்காமல் இனி கொடுக்காதீர்கள். துத்தநாகம் நாள்பட அதிகமானால் செம்பு உள்ளே போவது தடைபடும். இரத்த சோகையும் வெள்ளையணுக் குறைவும் அதில் வரும். துத்தநாகம், செம்பு, இரத்த அணுக்கள் மூன்றையும் பார்த்துவிட்டு அவளைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கவின்அம்மா (ஈரோடு)

இன்னொரு சின்னக் கேள்வி. இரும்பு சிரப்பை அப்படியே துப்பிவிடுகிறான். பாலில் கலந்து கொடுக்கலாமா?

தேன்மொழி_சிங்கை

பாலில் வேண்டாம் அக்கா, கால்சியம் இரும்பைச் சரியாக உள்ளே ஏறவிடாது. சாத்துக்குடிச் சாற்றில் கலந்து கொடுத்துப் பாருங்கள், உள்ளேயும் நன்றாக ஏறும். என் பையனுக்கு ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி கன்னத்து ஓரமாக விட்டால்தான் இறங்கும். பல் கறுத்தால் பயப்படாதீர்கள், தேய்த்தால் போய்விடும். மலமும் கறுப்பாகத்தான் போகும்.